கணினிக் கேள்வி – பதில்: இடைவழியில் நின்ற தரமுயர்த்தல்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்ட பின்னர், இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பழைய கணினிகளைத் தரமுயர்த்த முயன்று இடைவழியில் நின்றுபோனவர்களிடமிருந்தே வருகின்றன. ஆகவே இம்முறை அந்த ஒரு விடயத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். முதலாவது கேள்விக்கான பதில் நீண்டது. ஏனைய பதில்களுக்கும் அடிப்படை அதிலேயே இருப்பதால், உங்களுடைய கணினி வேறு வகையானதாக இருந்தாலும் அதனை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் 2013 ஆம் ஆண்டில் வாங்கிய மேசைக் கணினி ஒன்று உண்டு. மூன்றாம் தலைமுறை ஐ3 புரொசெசர், 4 ஜிபி நினைவகம், 500 ஜிபி வன்தட்டு. விண்டோஸ் 10 இனிப் பாதுகாப்பற்றது என்று வெளிநாட்டிலுள்ள மகன் சொன்னதனால், என் பெறாமகன் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து விண்டோஸ் 11 ஐ ஏற்ற முயன்றார். முதல் முறை கணினி தானாக மறுதொடக்கமாகிப் பழைய நிலைக்கே திரும்பி, ‘0 எக்ஸ் சீ 1900101 – 0 எக்ஸ் 20017’ என்ற பிழை இலக்கத்தைக் காட்டியது. இரண்டாம் முறை முயன்றபோது விண்டோஸ் சின்னம் தெரிந்தபடி இரவு முழுவதும் அப்படியே நின்றுவிட்டது. காணி உறுதிகளின் பிரதிகள், பிள்ளைகளின் படங்கள், எங்கள் ஊர்ப் பாடசாலையின் வரலாறு பற்றி நான் தட்டச்சுச் செய்து வைத்திருந்த குறிப்புகள் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. அவை போய்விட்டனவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்

பதில்: ஐயா, உங்களுடைய கடைசி வினாவுக்கே முதலில் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. தரமுயர்த்தும் செயல்முறை பழைய இயங்குதளத்தை ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறையில் ஒதுக்கி வைத்துவிட்டே புதியதை அமைக்கிறது. இடையில் ஏதேனும் பிசகினால் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. இத்தகைய வேளைகளில் ஆவணங்கள் உண்மையாகவே அழிவது இரண்டு வழிகளில். பொறுமையிழந்து ‘புதிதாக நிறுவு’ என்ற தெரிவுக்குப் போய் வன்தட்டின் பிரிவுகளை அழித்துவிடுவது ஒன்று. ஏற்கெனவே பழுதடையத் தொடங்கியிருந்த வன்தட்டை மீண்டும் மீண்டும் வேலை வாங்கி முற்றாகச் செயலிழக்கச் செய்வது மற்றையது. ஆகையால் பெறாமகன் மூன்றாவது முறை முயல்வதற்கு முன்னர் அவரைத் தடுத்துவிடுங்கள். ஆவணங்களை வெளியே எடுக்கும்வரை அந்தக் கணினியில் வேறு எந்த முயற்சியும் வேண்டாம்.

கணினி நின்றுவிட்டதா, அல்லது மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கிறதா என்பதை அறிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. பெட்டியின் முன்பக்கத்தில், இயக்கும் பொத்தானுக்கு அருகில், வன்தட்டு வேலை செய்யும்போது மினுங்குகின்ற சிறிய சிவப்பு விளக்கு இருக்கும். திரையில் எதுவும் அசையாமல் நின்றாலும் அந்த விளக்கு ஒழுங்கற்ற இடைவெளிகளில் மினுங்கிக்கொண்டிருந்தால் கணினி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். பழைய சுழல் வன்தட்டுகளில் அவ்வாறு சில மணித்தியாலங்கள்கூடச் செல்வதுண்டு. விளக்கு நெடுநேரம் அணைந்தபடியோ, சற்றும் மினுங்காமல் எரிந்தபடியோ இருந்தால் மட்டுமே நின்றுவிட்டது என்று முடிவு செய்யவேண்டும். உங்கள் கணினி இரவு முழுவதும் நின்றிருப்பதால், விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, பொத்தானைப் பத்து விநாடிகள்வரை அழுத்திப் பிடித்து நிறுத்துவதில் தவறில்லை.

இனி ஆவணங்களை வெளியே எடுக்கும் வேலை. இதற்கு விண்டோஸ் இயங்கவேண்டிய அவசியமே இல்லை. பெறாமகன் தன்னுடைய கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பதிவிறக்கி, வேறொரு வெற்றுப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வரட்டும். கணினியைத் திறந்தவுடன் தொடக்கப் பட்டியலுக்குரிய விசையை அழுத்தி (அது எஃப்12, எஃப்8, எஃப்9 அல்லது எஸ்கேப் என்று கணினியின் பிரதான சுற்றுப்பலகையான மதர்போட்டுக்கு மதர்போட் மாறும்) அந்தப் பென்டிரைவைத் தெரிவுசெய்தால், வன்தட்டில் எதையும் எழுதாமலே லினக்ஸ் மின்ட் நினைவகத்திலிருந்து இயங்கத் தொடங்கும். மேசைத்திரையில் ‘இன்ஸ்டோல் லினக்ஸ் மின்ட்’ என்ற குறும்படம் ஒன்று நிற்கும். அதைத் தொடவே கூடாது. கோப்புகளைக் காட்டும் சாளரத்தைத் திறந்தால் உங்களுடைய 500 ஜிபி வன்தட்டு இடதுபுறத்தில் தெரியும். அதற்குள் ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறையில் உங்கள் பெயருக்குரிய பகுதியில் ஆவணங்களும் படங்களும் இருக்கும். அங்கே காணப்படாவிட்டால் ‘விண்டோஸ்.ஓல்ட்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘யூசர்ஸ்’ பகுதியைப் பாருங்கள். அனைத்தையும் ஒரு வெளி வன்தட்டுக்குப் பிரதி செய்த பின்னர், கோப்புகளின் பெயர்கள் வந்துவிட்டனவே என்று திருப்திப்படாமல், சிலவற்றையாவது அந்த வெளி வன்தட்டிலிருந்து திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். பாடசாலை வரலாற்றுக் குறிப்புகளை இன்னொரு பென்டிரைவிலும் ஏற்றி, அதை வேறொரு வீட்டில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். காணி உறுதிக்கு மூலப்பிரதி எங்கோ இருக்கும். உங்களுடைய குறிப்புகளுக்கு நீங்கள் எழுதிய அந்தக் கோப்பைத் தவிர வேறு மூலமில்லை. பிரதி செய்யும்போது குறிப்பிட்ட சில கோப்புகளில் வந்து நீண்ட நேரம் தடைப்பட்டாலோ, வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்ற சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அப்போது பழுது தரமுயர்த்தலில் அன்று, வன்தட்டிலேயே இருக்கிறது. அவ்வாறான வன்தட்டைத் தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே முறை.

ஆவணங்கள் பத்திரமான பின்னர், அந்தப் பிழை இலக்கத்துக்கு வரலாம். பலர் அதை ஏதோ விளங்காத குறியென்று தள்ளிவிட்டு மீண்டும் முயல்கிறார்கள். உண்மையில் தோல்வி எங்கே நிகழ்ந்தது என்பதை அதுதான் சொல்கிறது. முதற்பகுதியான ‘சீ 1900101’ என்பது பொதுவாக டிரைவர் எனப்படும் வன்பொருள் இயக்கிகளுடன் தொடர்புடைய தோல்வியைக் குறிப்பது. இரண்டாம் பகுதியில் ‘எக்ஸ்’ எழுத்துக்கு அடுத்துவரும் இலக்கம் கட்டத்தைச் சொல்கிறது. அது 1 ஆக இருந்தால் பழைய விண்டோஸ் இயங்கிக்கொண்டிருந்தபோதே தோல்வி நிகழ்ந்துவிட்டது. 2 ஆக இருந்தால், முதலாவது மறுதொடக்கத்தின் பின்னர் நிறுவலுக்கென்று தற்காலிகமாக இயங்குகின்ற சிறிய விண்டோஸ் சூழலில் நிகழ்ந்தது. 3 ஆக இருந்தால், புதிய விண்டோஸ் முதன்முறை எழுந்து வன்பொருள்களுக்குரிய டிரைவர்களைப் பொருத்தும்போது நிகழ்ந்தது. 4 ஆக இருந்தால், அதற்கும் அடுத்த தொடக்கத்தில், பயனருடைய தரவுகளையும் அமைப்புகளையும் இடம்மாற்றி முடிக்கும் வேளையில் நிகழ்ந்தது. உங்களுடையது 20017. அதாவது இரண்டாம் கட்டத்தில், அந்தச் சிறிய சூழல் எழ முயன்ற போதே கணினி தடுக்கி விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் ஆவணங்களையோ நீங்கள் ஏற்றிவைத்த மென்பொருள்களையோ அது நெருங்கியிருக்கவே மாட்டாது. எனவே அவற்றைக் குறைகூறி ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருப்பது வீண்வேலை. மதர்போட்டின் பயொஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), மதர்போட்டில் செருகப்பட்டிருக்கும் சாதனங்கள், நினைவகம், வன்தட்டு ஆகியவற்றிலேயே காரணத்தைத் தேடவேண்டும்.

இரண்டாம் கட்டத்துத் தோல்விகளில் முதலில் செய்யவேண்டியது, விசைப்பலகை, மவுஸ், திரை ஆகிய மூன்றையும் தவிர்ந்த அனைத்தையும் கழற்றிவிடுவது. பிரிண்டர், வெப்கமரா, இணைய டொங்கிள், முன்பக்கத்தில் மாதக்கணக்காகச் செருகிக் கிடக்கும் மெமரி கார்ட் எல்லாம் இதில் அடங்கும். அடுத்தது தூசு. வலிகாமத்துச் செம்மண் தூசு புரொசெசரின் விசிறிக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் ஒரு கம்பளிபோலப் படிந்துவிடுகிறது. வழமையான வேலையின்போது அது பொருட்படுத்தத்தக்கதாகத் தெரியாது. ஆனால் தரமுயர்த்தலின்போது புரொசெசர் நெடுநேரம் முழுவேகத்தில் இயங்குவதால் சூடேறி, கணினி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மின்னிணைப்பை முற்றாகக் கழற்றிய பின்னர் மென்மையான தூரிகையால் அதைத் துடைக்கவேண்டும். அப்படியே நினைவகப் பலகையையும் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைச் சுத்தமான அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் துகள்களை ஊதிவிட்டு, ‘கிளிக்’ என்று இரு பக்கப் பிடிகளும் பூட்டும்வரை மீண்டும் பொருத்துங்கள். கடலோரக் காற்றுப் படுகின்ற வீடுகளில் இந்த முனைகள் கறுத்துப்போயிருப்பதை அடிக்கடி காணலாம்.

பயொஸ் இற்றைப்படுத்தலும் இவ்வகைத் தோல்விக்கு ஒரு தீர்வாகச் சொல்லப்படுவதுண்டு. நான் அதை உங்களுக்குச் சொல்லமாட்டேன். பயொஸ் எழுதப்படும் சில நிமிடங்களுக்குள் மின்சாரம் நின்றால் மதர்போட் மீண்டும் எழாமலே போகலாம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி இலங்கை முழுவதும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியதை நாம் கண்டிருக்கிறோம். மின்தடையின்போது சற்று நேரம் மின்சாரம் தரும் யூபிஎஸ் நல்ல நிலையில் இல்லாத வீட்டில் அந்த வேலைக்குக் கைவைக்கக்கூடாது.

இப்போது பழைய விண்டோஸ் 10 ஐ மீட்பதைப் பார்ப்போம். பென்டிரைவ்களை எல்லாம் கழற்றிவிட்டுக் கணினியைத் திறந்து பாருங்கள். பல வேளைகளில் அது தானாகவே ‘முந்தைய பதிப்பு மீட்கப்படுகிறது’ என்று தொடங்கிவிடும். அவ்வாறன்றி மீண்டும் சின்னத்தில் நின்றால், சின்னம் தோன்றியவுடன் நிறுத்தி, மறுபடி திறந்து, மறுபடி நிறுத்தவேண்டும். தொடர்ந்து சில தடவைகள் தொடக்கம் முறிந்தால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் நீலத்திரைக்குப் போகும். அங்கே ‘டிரபிள்ஷூட்’ என்பதையும் அதற்குள் மேலதிகத் தெரிவுகளையும் திறந்தால், முந்தைய பதிப்புக்குத் திரும்புதல், தொடக்கப் பழுதுநீக்கம் ஆகிய தெரிவுகள் இருக்கும். இந்த ஒழுங்கிலேயே முயலுங்கள். அதே பட்டியலுக்கு அருகில் ‘ரீசெட்’ என்ற தெரிவும் கண்ணில் படும். அதன் ஒரு வகை எல்லாவற்றையும் அழிப்பது. ஆவணங்களின் பிரதி கையிலில்லாமல் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

விண்டோஸ் 10 மீண்ட பின்னர் மறுபடியும் விண்டோஸ் 11 ஐ முயலலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இன்டெல் புரொசெசர்களில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே பொதுவாக விண்டோஸ் 11 க்கென ஏற்கப்பட்டவை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்க வசதியுள்ள, யூஇஎஃப்ஐ எனப்படும் புதிய வகைப் பயொஸும் அதற்கு வேண்டும். உங்கள் கணினி ஐந்து தலைமுறை பின்னால் இருக்கிறது. பெறாமகன் கொண்டுவந்த பென்டிரைவ் இந்தத் தகுதிச் சோதனைகளைத் தவிர்க்கும்படி தயாரிக்கப்பட்டதாகவே இருக்கவேண்டும். அவ்வாறல்லாவிடில் நிறுவல் தொடக்கத்திலேயே மறுத்திருக்கும். அப்படி ஏற்றப்படும் விண்டோஸ் 11 க்கு எதிர்கால இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசொப்ட் தருவதில்லை. பாதுகாப்புக்காகத் தொடங்கிய முயற்சி பாதுகாப்பு உறுதியில்லாத இடத்தில் போய் முடிவதில் பயனில்லை.

உங்கள் மகனுடைய அக்கறை நியாயமானது. அதற்கு வேறு வழி இருக்கிறது. விண்டோஸ் 10 இன் 22எச்2 பதிப்பை வீட்டுப் பாவனையில் வைத்திருப்பவர்கள், மேலதிகப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை 2026 ஒக்டோபர் 13 வரை பெறுவதற்குப் பதிவு செய்யலாம். மைக்ரோசொப்ட் கணக்கொன்றால் உள்நுழைந்து கணினியின் அமைப்புகளை அதனுடன் ஒத்திசையச் செய்தால் இதற்குக் கட்டணமில்லை; அவ்வாறு ஒத்திசைக்க விரும்பாதவர்கள் 30 அமெரிக்க டொலர் செலுத்தலாம். ‘செட்டிங்ஸ்’ பகுதியில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவுக்கான இணைப்பு தோன்றும். இந்தக் கணினிக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால், பழைய வன்தட்டுக்குப் பதிலாக 240 ஜிபி அளவிலான எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, வேகமான சேமிப்புச் சாதனம்) ஒன்றைப் போடுவதே மிகச் சிறந்த செலவு. கணினி திறக்கும் வேகத்தில் உடனே வேறுபாடு தெரியும். அத்திகதிக்குப் பின்னர் என்ன செய்வது என்பதற்குக் கடைசிக் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

கேள்வி: மகள் உயர்தரத்துக்குப் படிக்கிறாள். அவளுடைய மடிக்கணினி எட்டாம் தலைமுறை ஐ5. 128 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 க்குத் தகுதியானது என்றே திரையில் வருகிறது. ஆனால் தரமுயர்த்தும்போது ஒவ்வொரு முறையும் ‘0 எக்ஸ் 80070070’ என்று வந்து நின்றுவிடுகிறது. கடையில் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவேண்டும் என்கிறார்கள்.
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: அம்மா, அழிக்கவேண்டியதில்லை. இந்த இலக்கத்துக்கு ஒரே பொருள், வன்தட்டில் இடம் போதவில்லை என்பதுதான். 128 ஜிபி என்று விற்கப்படும் எஸ்எஸ்டியில் விண்டோஸ் காட்டுவது ஏறத்தாழ 119 ஜிபி. அதில் சீ பிரிவில் 30 ஜிபியாவது வெறுமையாக இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். மாணவர்களுடைய மடிக்கணினிகளில் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் சேர்ந்துபோன வகுப்பு ஒளிப்பதிவுகளும், ஒரே வினாத்தாளின் பல பிரதிகளும், வாட்ஸ்அப் வழியாக வந்த காணொளிகளுமே. மகளை அருகில் இருத்தி, அவள் வேண்டாம் என்று சொல்பவற்றை மட்டும் அழியுங்கள். மிகுதியை வெளி வன்தட்டுக்கு மாற்றுங்கள். அதன் பின்னர் ‘டிஸ்க் கிளீனப்’ என்ற கருவியைத் திறந்து, கணினிக் கோப்புகளைத் துப்புரவாக்கும் தெரிவை அழுத்தினால், முந்தைய முயற்சிகள் விட்டுச்சென்ற தற்காலிக நிறுவல் கோப்புகள் நீங்கும். தோல்வியடைந்த ஒவ்வொரு முயற்சியும் பல ஜிபிகளை அங்கே விட்டுச்செல்வதால், முயல முயல இடம் மேலும் குறைந்துகொண்டே போயிருக்கும். அவ்வளவும் செய்தும் போதாவிட்டால், நிறுவலின்போது வெளி வன்தட்டைத் தற்காலிக இடமாகப் பயன்படுத்தும் தெரிவையும் விண்டோஸ் தருகிறது.

மடிக்கணினி என்பதால் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அதில் பிட்லொக்கர் குறியாக்கம் (வன்தட்டிலுள்ளவற்றைப் பிறர் வாசிக்கமுடியாதபடி பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால், இடையில் ஏதேனும் பிசகும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது இல்லாவிட்டால் ஆவணங்களை எவராலும் எடுக்கமுடியாது. மகளுடைய மைக்ரோசொப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பரீட்சை நெருங்கியிருந்தால், முடிந்த பின்னர் செய்வதே நல்லது.

கேள்வி: போட்டோக்கொப்பி, தட்டச்சு நிலையம் நடத்துகிறேன். தரமுயர்த்தல் தோல்வியடைந்ததால் கடைக் கணினிக்கு விண்டோஸ் 11 ஐப் புதிதாகவே போட்டுத் தந்தார்கள். கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் தமிழில் தட்டச்சுச் செய்த விண்ணப்பங்களும் கல்வெட்டுகளும் (இறந்தவர் நினைவாக அச்சிடும் நூல்கள்) அழைப்பிதழ்களும் திறந்தால் விளங்காத ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. பழைய பிரிண்டரும் இயங்கவில்லை.
– பருத்தித்துறை வாசகர்

பதில்: உங்களுடைய கோப்புகளில் எந்தப் பழுதுமில்லை. அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே வைக்கப்பட்டிருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினி அவற்றை ஆங்கிலமாகவே காட்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை பயன்படுவதால், வரிக்கு வரி அரைப்புள்ளிகள் நிறைந்திருப்பதைப் பார்த்தே இதை அடையாளம் கண்டுகொள்ளலாம். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட் தமிழுக்குரிய எழுத்துருக்கள் விண்டோஸுடனேயே வருகின்றன. பாமினி அப்படியல்ல, எவரோ ஒருவர் ஒருகாலத்தில் உங்கள் கணினியில் ஏற்றி வைத்தது. வெறுமனே தரமுயர்த்தியிருந்தால் அது கூடவே வந்திருக்கும். புதிதாக நிறுவியதனால் விடுபட்டுப்போயிற்று.

பழைய வன்தட்டைத் துடைக்காமல் நிறுவியிருந்தால் சீ பிரிவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ கோப்புறை இருக்கும். நாள்கள் சில கடந்ததும் விண்டோஸ் அதைத் தானாகவே நீக்கிவிடக்கூடும் என்பதால் இன்றைக்கே பாருங்கள். அதற்குள் ‘விண்டோஸ்’, அதற்குள் ‘ஃபொன்ட்ஸ்’ என்று சென்றால் பழைய எழுத்துருக்கள் அனைத்தும் கிடைக்கும். அங்கே பாமினி இல்லையென்றால், பழைய பயனருடைய ‘அப்டேட்டா’ கோப்புறைக்குள் உள்ள ‘லோக்கல்’, ‘மைக்ரோசொப்ட்’, ‘விண்டோஸ்’, ‘ஃபொன்ட்ஸ்’ என்ற வழியில் தேடுங்கள். தனியொரு பயனருக்கு மட்டும் ஏற்றப்பட்ட எழுத்துருக்களை விண்டோஸ் 10 அங்கேதான் வைத்தது. கிடைத்த எழுத்துருக் கோப்பை மவுஸின் வலப்பொத்தானால் தொட்டு, எல்லாப் பயனருக்கும் நிறுவும்படி தெரிவுசெய்தால் ஆவணங்கள் உடனே பழையபடி தெரியும். வாடிக்கையாளருக்கான அழைப்பிதழ்களின் அலங்கார எழுத்துருக்களையும் அப்படியே மீட்டுக்கொள்ளுங்கள். நிரந்தரமாகப் பேணவேண்டிய ஆவணங்களை இனிமேலாவது யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். அமைப்பு மாறக்கூடாதவற்றைப் பிடிஎஃப் ஆகவும் சேமித்தால் எழுத்துரு அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். இந்த மண்ணில் ஒரு கல்வெட்டு என்பது ஒரு குடும்பத்தின் தலைமுறை விபரம் அச்சில் நிற்கும் ஒரே இடமாக இருப்பதுண்டு. அந்தக் கோப்புகளின் பெறுமதி உங்கள் கடையின் வருமானத்தையும் கடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

பிரிண்டரைப் பொறுத்தவரை, விண்டோஸ் 11 க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. முன்னர் உங்கள் கணினியில் இருந்தது 32 பிட் விண்டோஸாக இருந்தால், அந்தப் பழைய டிரைவர் இப்போது பொருந்தாது. தயாரிப்பாளருடைய இணையத்தளத்தில் 64 பிட் டிரைவரோ, பல மாதிரிகளுக்கும் பொதுவான டிரைவரோ இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், நல்ல நிலையிலுள்ள பிரிண்டரை எறிந்துவிடாமல், பழைய கணினி ஒன்றை இணையத்துடன் இணைக்காமல் அச்சிடுவதற்கென்றே வைத்திருப்பது உங்கள் தொழிலுக்கு நியாயமான ஏற்பாடு.

கேள்வி: ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கணினியின் திகதி பல வருடங்கள் பின்னால் போய்விடுகிறது. தரமுயர்த்தலுக்கான பதிவிறக்கமும் தொடங்குவதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– மானிப்பாய் வாசகர்

பதில்: உண்டு. மதர்போட்டிலுள்ள காசளவான வட்டப் பற்றறி தீர்ந்துவிட்டது. அது பொதுவாக சீஆர்2032 வகை; மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். திகதி தவறாக இருந்தால், இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லுபடியற்றவையெனக் கணினி கருதிவிடுவதால் பதிவிறக்கம் மறுக்கப்படுகிறது. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுப் பற்றறியை மாற்றி, திகதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். பற்றறி தீர்ந்தபோது பயொஸ் அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கக்கூடும். கணினி ஓரளவு புதியதாக இருந்தால், பயொஸுக்குள் பிடிடி அல்லது எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும் பாதுகாப்பு வசதி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தகுதியுள்ள கணினிகள் சில அந்த ஒரு காரணத்தாலேயே விண்டோஸ் 11 க்குத் தகுதியற்றவை என்று காட்டப்படுகின்றன.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்துக்குப் புலம்பெயர்ந்த உறவுகள் சில வருடங்களுக்கு முன்னர் ஐந்து கணினிகளை அன்பளித்தார்கள். எல்லாம் கோர் 2 டுவோ, ஒவ்வொன்றிலும் 2 ஜிபி நினைவகம். விண்டோஸ் 11 ஐ ஏற்ற முயன்றோம். ஒன்றிலும் தொடங்கவே இல்லை. இவற்றைக் கைவிடுவதா?
– செயலாளர், சனசமூக நிலையம், சண்டிலிப்பாய்

பதில்: கைவிடவேண்டாம், ஆனால் விண்டோஸ் 11 ஐ மறந்துவிடுங்கள். அதன் 24எச்2 பதிப்பிலிருந்து, எஸ்எஸ்இ 4.2, பொப்கவுண்ட் என்ற கட்டளைத் தொகுதிகள் புரொசெசரில் இருந்தாகவேண்டும். கோர் 2 டுவோவில் அவை இல்லை. இது எந்த உபாயத்தாலும் தவிர்க்கமுடியாத தடை. தகுதிச் சோதனையைத் தாண்டலாம். இல்லாத கட்டளையைப் புரொசெசரால் நிறைவேற்றமுடியாது. ஆகவே முயற்சி செய்த இளைஞர்கள் மீது குறை எதுவுமில்லை.

இவற்றுக்கு ஏற்றது லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான பதிப்பு. 2 ஜிபி நினைவகத்திலும் இயங்கும் என்று அதைத் தயாரிப்பவர்கள் கூறுகிறார்கள். ஆயினும் இன்றைய இணையத்தளங்கள் நினைவகத்தை மிகுதியாக விழுங்குவதால், பிள்ளைகள் இணையத்தைத் திறந்ததும் கணினி திணறும். என் ஆலோசனை இது: ஐந்தையும் ஓட்டவேண்டும் என்று நினைக்காமல், நினைவகப் பலகைகள் ஒரே வகையினவா என்று பார்த்து, இரண்டு கணினிகளிலுள்ளவற்றைக் கழற்றி மற்றையவற்றில் சேருங்கள். 4 ஜிபி நினைவகத்துடன் இரண்டு, 2 ஜிபியுடன் ஒன்று என்று மூன்று கணினிகள் கிடைக்கும். கழற்றிய இரண்டின் மின்வழங்கிகளும் விசிறிகளும் விசைப்பலகைகளும் பின்னர் திருத்தத்துக்கு உதவும். பிள்ளைகள் வரிசையில் காத்திருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு நிமிடம் தாமதிக்கும் கணினியில் எவருக்கும் கற்கும் ஆசை வராது.

தமிழைப் பற்றி அஞ்சவேண்டாம். லினக்ஸ் மின்டில் யூனிகோட் தமிழ் எழுத்துருக்களும் தமிழ் விசைப்பலகைகளும் உண்டு. லிப்ரே ஒஃபிஸ், ஃபயர்பொக்ஸ் ஆகியவற்றின் பட்டியல்களையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். பாமினியில் பழகிய பெரியவர்களுக்காக அந்த எழுத்துருவையும் ஏற்றிவிடலாம். பென்டிரைவிலிருந்து நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் முறையை முதலாவது பதிலில் விளக்கியிருக்கிறேன். முதலில் ஒரு கணினியில் அவ்வாறு இயக்கி, ஒலி, இணையம், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பின்னரே நிறுவுங்கள். நிறுவும் நாளில் யூபிஎஸ் இருந்தால், அதன் பற்றறி இன்னும் தாங்குகிறதா என்பதை ஒரு மின்குமிழை இணைத்து, சுவரிலுள்ள ஆளியை அணைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டு மூன்று வருடங்களான பற்றறி பெரும்பாலும் சில நொடிகளே தாங்கும். அன்பளித்தவர்கள் அடுத்த முறை உதவ விரும்பினால், மீண்டும் பழைய கணினிகளை அனுப்பவேண்டாம் என்றும், மூன்று எஸ்எஸ்டிகளும் ஒரு புதிய யூபிஎஸ் பற்றறியும் வாங்கித் தந்தால் போதும் என்றும் தயங்காமல் எழுதுங்கள்.